மைத்தாரை அச்சுப்பொறியும் உற்பத்தித்திறனும்

1814 ஆம் ஆண்டு நவம்பர் 29 ஆம் நாள் இலண்டன் மாநகரில் வெளிவந்த ‘ரைம்ஸ்’ பத்திரிகை, நீராவியின் வலிகொண்டு இயங்கும் பொறியில் அச்சிடப்பெற்றது. ஜேர்மனியரான பிரெடரிக் கேனிக் என்பார் அமைத்த அப்பொறி மணித்தியாலமொன்றுக்கு 1,100 தாள்களை அச்சிட்டது. அதற்கு முன்னர்க் கையினால் இயக்கப்பட்ட அச்சுப்பொறி, அதே நேரத்தில் ஏறக்குறைய 250 தாள்களையே தரவல்லதாயிருந்தது. அச்சுத்தொழிலின் வரலாற்றை எழுதுவோர் யாவரும் இவ்விரண்டு எண்களையும் அருகருகே வைத்துக் காட்டத் தவறுவதில்லை. ஆயின் 1,100 என்னும் எண்ணோடு சேர்த்துக் கூறவேண்டிய பிறிதொன்றும் உண்டு. அப்பொறி தாளின் ஒரு பக்கத்தையே அச்சிட்டது. மறுபக்கத்தை அச்சிடுவதற்குத் தாள்களை மீண்டும் ஒருமுறை பொறிக்குக் கொடுக்கவேண்டியிருந்தது. ஆகவே இருபக்கமும் அச்சான முழுத்தாள்களை எண்ணுவோமாயின், 1,100 என்பது 550 ஆகச் சுருங்கிவிடும்.

எண் பொய்யன்று, ஆயினும் அஃது எதனை எண்ணியது என்பதை அறியாதார்க்கு அது முழு மெய்யுமன்று. ‘மணிக்கு எத்தனை தாள்?’ என்னும் வினா அச்சுத்தொழிலில் இருநூறு ஆண்டுகட்கு மேலாகக் கேட்கப்பட்டு வருகின்றது. ஈயவெழுத்துப் போய், ஒளிப்படத் தகடு வந்து, இன்று தகடே இல்லாத மைத்தாரைப் பொறியும் வந்துவிட்டது. வழக்கில் ‘இங்க்ஜெற் பிறின்ரர்’ எனப்படும் இப்பொறி, வீட்டு மேசையில் இருப்பதுமுண்டு. பெருங்கூடமொன்றை நிரப்பி நிற்பதுமுண்டு. வணிக முறையில் அச்சகம் நடத்துவோர் பெருங்கடன் பட்டே இத்தகைய பொறியை வாங்குகின்றனர். விளம்பரத் தாளிலுள்ள வேக எண்ணொன்றை மாத்திரம் நம்பி வாங்கிய பொறி எதிர்பார்த்த ஆக்கத்தைத் தாராதாயின், கடன் நிற்கும், வேலை நில்லாது. ஆகவே பொறிகளின் உற்பத்தித்திறனை ஒப்பிடுமாறு எங்ஙனம் என்பது ஆராயத்தக்கது.

மைத்தாரையின் இயல்பு

மெல்லிய தாரையாகப் பாயும் நீர்மம் தன் மேற்பரப்பிழுவிசை காரணமாகத் துளிகளாகச் சிதறும். இந்நிகழ்ச்சியைக் கணிதமுறையால் விளக்கியவர் ரெயிலிப் பிரபு. அவ்விளக்கம் 1878 இல் எழுந்தது. துளிகளை எழுதுகோலாகப் பயன்படுத்தலாம் என்னும் எண்ணம் பின்னர்ச் செயலுருப் பெற்றது. சுவீடன் நாட்டவரான றூன் எல்ம்குவிஸ்ற், மைத்தாரையாற் பதிவு செய்யும் கருவியொன்றுக்கு 1951 இல் உரிமைப் பட்டயம் பெற்றார். இதய நோய் ஆராய்ச்சி போன்ற துறைகளில் அலைவடிவங்களைத் தாளிற் பதிவதற்கு அக்கருவி உதவிற்று.

வேண்டியபோது மாத்திரம் ஒரு துளியை வெளியிடுதற்கு இருவழிகள் இன்று பெரிதும் வழங்குகின்றன. முதலாவது வழியில், நுண்டுளையின் பின்னேயுள்ள சிறு வெப்பமூட்டி கணப்பொழுதிற் சூடேற, மையில் ஆவிக்குமிழியொன்று தோன்றித் துளியை வெளியே தள்ளும். யப்பானில் கனன் நிறுவனத்தாரும் அமெரிக்காவில் ஹியூலெற் பக்கார்ட் நிறுவனத்தாரும் 1970 ஆம் ஆண்டுகளின் பிற்பகுதியில் இவ்வழியைத் தனித்தனியே கண்டனர். இரண்டாவது வழியில், மின்னழுத்தம் பட்டவுடன் உருமாறும் பளிங்கு போன்ற பொருளொன்று மையறையின் சுவரை அழுத்தித் துளியை வெளிப்படுத்தும். வழி எதுவாயினும், துளியொன்றின் கனவளவு சில பிக்கோலீற்றர் அளவே. ஒரு பிக்கோலீற்றராவது ஒரு மில்லிலீற்றரை நூறுகோடி பங்காக்கிய ஒரு பங்காகும்.

1984 இல் ஹியூலெற் பக்கார்ட் வெளியிட்ட ‘திங்ஜெற்’ என்னும் சிறுபொறி இம்முறையை மேசைக்குக் கொண்டுவந்தது. பெருமளவு அச்சுக்கு இது பொருந்துமா என்னும் ஐயம் நெடுநாள் நிலவிற்று. 2008 இல் ஜேர்மனியின் டுசெல்டோர்வ் நகரில் நடைபெற்ற ‘துறுப்பா’ அச்சுத்தொழிற் கண்காட்சியில் அவ்வையம் பெரிதும் நீங்கியது. நிமிடத்துக்கு 122 மீற்றர் நீளமான கடதாசிச் சுருளை அச்சிடும் ஹியூலெற் பக்கார்ட் பொறியும், மணித்தியாலத்துக்கு 2,700 தாள்களை அச்சிடும் ஃபுஜிபிலிம் நிறுவனத்தின் ‘ஜெற் பிரெஸ் 720’ பொறியும் அங்கு காட்டப்பட்டன. பொறிகளை ஒப்பிடும் முறையை விளக்குதற்கு இவ்விரண்டும் நல்ல எடுத்துக்காட்டுகளாம்.

வேகத்தின் எல்லை எங்கிருந்து வருகின்றது?

மைத்தாரைப் பொறியின் வேகத்தை இரண்டு எண்கள் வரையறுக்கின்றன. ஒன்று, நுண்டுளையொன்று செக்கனுக்கு எத்தனை துளி வெளியிடும் என்பது; மற்றையது, கடதாசி ஓடும் திசையில் அங்குலத்துக்கு எத்தனை புள்ளிகள் வேண்டும் என்பது. நுண்டுளையொன்று செக்கனுக்கு 48,000 துளிகளை வெளியிடுவதாகவும், அங்குலத்துக்கு 600 புள்ளிகள் வேண்டுவதாகவும் கொள்க. 48,000 ஐ 600 ஆல் வகுக்க வருவது 80. அஃதாவது கடதாசி செக்கனுக்கு 80 அங்குலம் ஓடலாம். நிமிடத்துக்கு இது 400 அடி, ஏறக்குறைய 122 மீற்றர்.

இனி, அதே நுண்டுளைகளைக் கொண்டு அங்குலத்துக்கு 1,200 புள்ளிகள் இடவேண்டுமாயின், கடதாசியின் வேகம் சரிபாதியாகிவிடும். பொறி ஒன்றே; துளைகளும் அவையே; தரம் உயர வேகம் தாழ்ந்தது. ஆகவே ‘இப்பொறியின் வேகம் யாது?’ என்னும் வினா குறையுள்ள வினாவாகும். ‘இன்ன தரத்தில் இதன் வேகம் யாது?’ என்பதே நிறைவான வினா. விளம்பரத் தாளின் முதற்பக்கத்தில் மிகவுயர்ந்த வேகமும், வேறொரு பக்கத்தில் மிகவுயர்ந்த தரமும் குறிக்கப்பட்டிருத்தல் இயல்பு. அவ்விரண்டும் ஒரே வேளையிற் கிட்டும் எனப் படிப்பவர் மயங்குதலும் இயல்பே.

அளவைகள் பல, அளக்கப்படுவன வேறு

ஒரு பொறியின் வேகம் நிமிடத்துக்கு இத்தனை மீற்றர் எனப்படும். இன்னொன்றின் வேகம் மணித்தியாலத்துக்கு இத்தனை தாள் எனப்படும். மூன்றாவது நிமிடத்துக்கு இத்தனை பக்கம் எனவும், நான்காவது மணித்தியாலத்துக்கு இத்தனை சதுர மீற்றர் எனவும் கூறப்படும். முழக்கோலால் அளந்ததையும் மரக்காலால் அளந்ததையும் அப்படியே வைத்து ஒப்பிடுதல் கூடாமை போல, இவற்றையும் ஒப்பிடல் கூடாது.

மேற்கூறிய சுருட்பொறியை நோக்குக. அதன் கடதாசியின் அகலம் ஏறக்குறைய 30 அங்குலம். அமெரிக்காவில் வழங்கும் எட்டரை அங்குல அகலமும் பதினொரு அங்குல நீளமுமுள்ள தாளில், மூன்று பக்கங்கள் அவ்வகலத்துக்குள் அருகருகே அடங்கும். நிமிடத்துக்கு 4,800 அங்குலம் ஓடும்போது 436 வரிசைகள் கிடைக்கும். வரிசைக்கு மூன்றாக, இருபுறமும் எண்ண, ஏறக்குறைய 2,600 பக்கங்கள் ஆகும். இலங்கையில் வழங்கும் ஏ4 அளவுக்கு அதே கணக்கைச் செய்தால், 297 மில்லிமீற்றர் நீளத்தின்படி வரிசை 410. பக்கம் 2,460 அளவிலேயே நிற்கும். பொறியில் யாதொரு மாற்றமுமின்றியே எண் குறைந்துவிட்டது.

புத்தகப் பக்கத்தின் அகலம் இதனினும் பெரிய வேறுபாட்டை விளைவிக்கும். 180 மில்லிமீற்றர் அகலமான பக்கங்கள் நான்கு அச்சுருளில் அருகருகே அடங்கும். அகலம் 195 மில்லிமீற்றராயின் மூன்றே அடங்கும். கடதாசியின் அகலத்தில் ஏறக்குறைய 23 வீதம் வெறிதே கழியும். புத்தகத்தின் அகலத்தில் ஒன்றரைச் சென்ரிமீற்றர் கூடியதனால் பக்கங்களின் தொகை காற்பங்கு குறைந்தமை காண்க. எனவே, பொறியின் அகலம் அச்சகத்துக்கு வழக்கமாக வரும் வேலையின் அளவோடு பொருந்துகின்றதா என்பதே முதலில் நோக்கத்தக்கது.

தாட்பொறியின் கணக்கும் இத்தகையதே. மணித்தியாலத்துக்கு 2,700 தாள் என்பதனை நிமிடத்துக்கு 180 ஏ4 பக்கம் எனவும் கூறலாம். ஒரு தாளில் நான்கு ஏ4 பக்கங்கள் அடங்கும். ஆயின் அப்பொறியும், கேனிக்கின் பொறியைப் போலவே, ஒருமுறை செல்லும் தாளின் ஒரு பக்கத்தையே அச்சிடுவது. 1814 இற் கேட்கவேண்டியிருந்த கேள்வி இன்றும் கேட்கவேண்டியதாகவே உள்ளது.

அலுவலகங்களிற் பயன்படும் சிறுபொறிகளைப் பொறுத்தவரை இக்குழப்பத்தைத் தீர்ப்பதற்குச் சர்வதேச நியமமொன்று 2009 இல் வகுக்கப்பட்டது. ஐ.எஸ்.ஓ. 24734 என வழங்கும் அந்நியமம், யாவர்க்கும் பொதுவான சோதனைப் பத்திரங்களை அச்சிட்டு நேரத்தை அளக்கும் முறையை விதிக்கின்றது. பொறி தொடர்ந்து ஓடும் வேகத்தை மட்டுமன்றி, முதற்றொகுதி வெளிவர எடுக்கும் நேரத்தையும் அது கணக்கிற் கொள்கின்றது. பொறியைத் தூண்டியது முதல் தாள் கைக்கு வரும்வரை உள்ள காலம் முழுவதும் வேலை நேரமே என்னும் உண்மை அந்நியமத்தின் உட்கிடையாகும்.

தலை அசையும் பொறிகள்

இதுகாறும் கூறியவை தாளின் முழு அகலத்துக்கும் தலைகளை நிலையாகப் பொருத்திய பொறிகள். கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் கடைப்பெயர்ப் பலகைகளும் விழாப் பதாகைகளும் அச்சிடும் பொறிகளோ பெரும்பாலும் வேறு வகையின. அவற்றில் அச்சுத்தலை இடம்வலமாக ஓடும். ஒவ்வோர் ஓட்டத்தின் பின்னும் துணி அல்லது பிளாஸ்ரிக் சிறிது முன்னே நகரும். ஒரே இடத்தின்மேல் தலை எத்தனை முறை செல்கின்றது என்பதே இங்குத் தரத்தையும் வேகத்தையும் தீர்மானிப்பது.

தலையின் உயரம் 54 மில்லிமீற்றர் என்றும், பதாகையின் அகலம் 1.6 மீற்றர் என்றும், தலை செக்கனுக்கு ஒரு மீற்றர் ஓடி, ஓரத்தில் திரும்புவதற்கு 0.4 செக்கன் எடுப்பதாகவும் கொள்க. ஓர் ஓட்டத்துக்கு 2 செக்கன் ஆகும். நான்கு ஓட்டத்தில் ஓரிடம் முற்றுப்பெறுமாயின், ஒவ்வோர் ஓட்டத்துக்கும் 13.5 மில்லிமீற்றர் முன்னேறும். கணக்கிட, மணித்தியாலத்துக்கு ஏறக்குறைய 39 சதுர மீற்றர். எட்டு ஓட்டமாயின் பத்தொன்பதரை; இரண்டு ஓட்டமாயின் 78. விற்பனையாளர் கூறுவது 78. வாடிக்கையாளர் ஏற்றுக்கொள்ளும் தரத்தில் அச்சகத்தார் பெறுவது 39 அல்லது அதனினும் குறைவு.

இன்னுமொன்று: பதாகை 0.8 மீற்றர் அகலமேயாயின், ஓட்டத்துக்கு 1.2 செக்கன் ஆகும். அகலம் பாதியானபோதும் திரும்பும் நேரம் பாதியாகவில்லை. ஆகவே ஆக்கம் 39 இலிருந்து ஏறக்குறைய 32 சதுர மீற்றராகக் குறையும். சிறிய பதாகைகளைத் தனித்தனியே அச்சிடாது, இரண்டை அருகருகே வைத்து அச்சிடும் வழக்கத்தின் பொருத்தம் இதனால் விளங்கும்.

ஈரமும் தரவும்

சுருட்பொறிகளின் மையில் பெரும்பகுதி நீரேயாம். அந்நீர் கடதாசியினின்று நீங்கிய பின்னரே அச்சு மடித்தலுக்கும் வெட்டுதலுக்கும் தகுதிபெறும். துளியொன்று 6 பிக்கோலீற்றர் எனவும், இருதிசையிலும் அங்குலத்துக்கு 600 புள்ளிகள் எனவும் கொண்டால், ஒரு நிறத்தால் முற்றாக நிரப்பிய சதுர மீற்றரொன்றுக்கு ஏறக்குறைய 3.35 மில்லிலீற்றர் மை செல்லும். நான்கு நிறங்களும் சேர்ந்து அவ்வளவு மையை இடும் படங்கள் நிறைந்த வேலையொன்றை மேற்கூறிய சுருட்பொறியில் முழுவேகத்தில் ஓட்டினால், ஒரு பக்கத்துக்கு மாத்திரம் மணித்தியாலத்துக்கு 18 லீற்றருக்கு மேற்பட்ட மை கடதாசியில் ஏறும். அதனை முழுவதும் நீரெனவே கொண்டால், ஆவியாக்குதற்குரிய மறைவெப்பம் மட்டுமே ஏறக்குறைய 12 கிலோவாற்று ஆகும்.

எழுத்து மாத்திரம் உள்ள பக்கத்துக்கு இதில் இருபதில் ஒரு பங்கு மையே போதுமானதாகலாம். ஆதலின், ஒரே பொறி நாவலொன்றை முழுவேகத்தில் அச்சிட்டு, வண்ணப்படங்கள் மலிந்த மலரொன்றைக் குறைந்த வேகத்தில் அச்சிடுதல் வியப்பன்று. ஈரத்தை எளிதில் உறிஞ்சாத வழுவழுப்பான கடதாசியாயின் உலர்த்தலின் கடினம் மேலும் மிகும். சில பொறிகள், மை படுவதற்கு முன் கடதாசியில் ஒருவகைத் திரவத்தைப் பூசி மை பரவாமற் காக்கின்றன. ‘ஜெற் பிரெஸ் 720’ அவ்வகையைச் சேர்ந்தது.

வேகத்தைத் தடுக்கும் பிறிதொன்று கண்ணுக்குப் புலனாகாதது. முப்பது அங்குல அகலத்தில் ஒரு வரிக்கு 18,000 புள்ளிகள். செக்கனுக்கு 48,000 வரிகள். ஒரு நிறத்துக்கே செக்கனுக்கு 86 கோடியே 40 இலட்சம் புள்ளிகளுக்கு ‘இடுக’ அல்லது ‘விடுக’ என்னும் கட்டளை செல்லவேண்டும். நான்கு நிறத்துக்கும் ஒரு பக்கத்துக்கு மாத்திரம் இது செக்கனுக்கு 43 கோடி பைற்று அளவான தரவாகும். ஒரே பக்கத்தைப் பல்லாயிரம் முறை அச்சிடுங்கால் ஒருமுறை ஆயத்தஞ் செய்த தரவே போதும். ஒவ்வொரு பிரதியும் வேறுபட்ட பெயரும் கணக்கும் கொண்டிருக்குமாயின், கணினி அதனை ஓயாது ஆக்கிக்கொண்டேயிருத்தல் வேண்டும். கணினி பின்தங்கினால் பொறி மெதுவாகும் அல்லது நின்று காத்திருக்கும். பொறிக்குப் பெரும்பணம் கொடுத்துக் கணினிக்குச் சிக்கனம் பார்த்தவர், பொறியின் வேகத்தையே விலையாகக் கொடுத்தவராவர்.

பிரதிகளின் தொகை

மைத்தாரையையும் தகட்டச்சாகிய ஓப்செற் முறையையும் ஒப்பிடும்போது வேகம் என்னும் சொல்லே தடுமாறுகின்றது. ஒத்த அளவுள்ள தாளை மணித்தியாலத்துக்கு 15,000 வரை அச்சிடும் ஓப்செற் பொறிகள் உள. 2,700 தாளை அச்சிடும் மைத்தாரைப் பொறி அவற்றின்முன் ஆமை போலத் தோன்றும். ஆயின் ஓப்செற் பொறியில் ஒவ்வோர் அச்சுப்படிவத்துக்கும் தகடு மாற்றி, மை சரிபார்த்து, நிறம் பொருத்தவேண்டும். இவ்வாயத்த வேலைக்கு 20 நிமிடமும், மைத்தாரைப் பொறியில் 2 நிமிடமும் செல்வதாகக் கொள்க. 200 தாளுள்ள சிறுவேலையொன்றை முடிக்க ஓப்செற்றுக்கு 20.8 நிமிடமும், மைத்தாரைக்கு 6.4 நிமிடமும் ஆகும். ஆறு மணித்தியாலத்தில் முன்னையது இத்தகைய வேலைகள் 17 முடிக்க, பின்னையது 55 முடிக்கும். வேலை 5,000 தாளாயின் நிலை தலைகீழாகும்: ஓப்செற்றுக்கு 40 நிமிடம், மைத்தாரைக்கு 113 நிமிடம். இவ்வெண்களின்படி இரண்டும் சமமாகும் இடம் ஏறக்குறைய 990 தாளாகும்.

கல்லூரி ஆண்டு மலரொன்றை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். ஏ4 அளவில் 160 பக்கம், 500 பிரதி. தாளொன்றில் இருபுறமும் எட்டுப் பக்கம் அடங்குமாதலின் பிரதிக்கு 20 தாள், அச்சுப்படிவம் 40, மொத்த அச்சு 20,000. ஓப்செற் முறையில் ஆயத்தத்துக்கு மாத்திரம் 800 நிமிடமும், அச்சுக்கு 80 நிமிடமும் செல்லும். ஆக 14 மணித்தியாலம் 40 நிமிடம். நான்கு நிறமாயின் தகடுகள் 160 வேண்டும். மைத்தாரை முறையில் 7 மணித்தியாலம் 26 நிமிடம் போதும். தகடு ஒன்றும் வேண்டியதில்லை. பிரதிகள் 1,000 ஆனால் முறையே 16 மணித்தியாலமும், 14 மணித்தியாலம் 51 நிமிடமும் ஆகி, இரண்டும் நெருங்கிவிடும். 2,000 ஆனால் ஓப்செற் 18 மணித்தியாலம் 40 நிமிடத்தில் முடிக்க, மைத்தாரைக்கு 29 மணித்தியாலம் 40 நிமிடம் வேண்டும். எந்தப் பொறி விரைவானது என்னும் வினாவுக்கு விடை பொறியில் இல்லை, வேலையிலேயே உள்ளது.

பெயரளவு வேகமும் மெய்யாக்கமும்

பொறி ஓடவேண்டிய நேரம் முழுவதும் ஓடுவதில்லை. ஓடும்போதும் முழுவேகத்தில் ஓடுவதில்லை. அச்சிட்ட யாவும் நல்லனவாக வருவதுமில்லை. இம்மூன்று குறைகளையும் ஒருங்குசேர்த்து அளக்கும் முறையை யப்பானிய அறிஞர் செய்யிச்சி நக்காஜிமா தொழிற்சாலைப் பராமரிப்பு பற்றிய தம் நூல்களிற் பரப்பினார். ஓடிய நேரத்தின் விகிதம், வேகத்தின் விகிதம், நல்ல பொருளின் விகிதம் ஆகிய மூன்றையும் ஒன்றோடொன்று பெருக்க வருவதே பொறியின் மெய்யான வினைத்திறன்.

எட்டு மணித்தியால வேலைநாளில் ஆறு மணித்தியாலமே பொறி ஓடிற்று எனின் முதல் விகிதம் 0.75. 2,700 க்குப் பதிலாகச் சராசரி 2,160 தாளே அச்சாயிற்று எனின் இரண்டாவது 0.80. நூறில் ஐந்து தாள் கழிவாயிற்று எனின் மூன்றாவது 0.95. தனித்தனியே நோக்கின் இவற்றில் எதுவும் மிகமோசமானதன்று. பெருக்கினாலோ 0.57 ஆகும். அன்றைய நாளில் 21,600 தாள் எதிர்பார்த்தவர் கையில் நல்ல தாளாகக் கிடைத்தது 12,312.

மைத்தாரைப் பொறிக்கு இங்குத் தனிப்பட்ட ஓர் இடர்ப்பாடும் உண்டு. நுண்டுளையொன்று உலர்ந்த மையால் அடைபட்டால், நிலையான தலையுள்ள பொறியில் தாள் முழுவதும் வெள்ளைக் கோடொன்று நேராக விழும். அயற்றுளைகளைக் கொண்டு அக்குறையை மறைக்கும் ஏற்பாடு பல பொறிகளில் உண்டு. எனினும், தலைகளை இடையிடையே கழுவித் துடைக்கவே வேண்டும். அதற்குச் செல்லும் நேரமும் மையும் எவ்வளவு என்பது வாங்குமுன் கேட்டறியத்தக்கது. பொறியைப் பல நாள் ஓட்டாது வைத்திருக்கும் அச்சகத்தார்க்கு இது மேலும் இன்றியமையாதது.

கட்டும் மேசையிற் காத்திருத்தல்

அச்சான தாள் இன்னும் புத்தகமன்று. இசுரேலியரான எலியாகு கோல்ட்றற் 1984 இல் வெளியிட்ட ‘த கோல்’ என்னும் தொழிற்சாலைக் கதையில், ஓர் ஆலையின் ஆக்கத்தை வரையறுப்பது அதன் மிகநெருக்கமான இடைவழியே என்று காட்டினார். அச்சகத்தில் அவ்விடைவழி பலவேளைகளிற் கட்டும் மேசையாகவே இருக்கும்.

மேற்கூறிய ஆண்டு மலரையே மீண்டும் நோக்குக. கட்டுபவர் ஒருவர் மணித்தியாலத்துக்கு 40 பிரதிகளைக் கட்டுவாராயின், 500 பிரதிக்குப் பன்னிரண்டரை மணித்தியாலம் வேண்டும். ஓப்செற் முறையிற் கடைசிப் படிவமும் அச்சான பின்னரே முதற்பிரதியைக் கட்டலாம். ஆகவே மொத்தம் 27 மணித்தியாலம் 10 நிமிடம். மைத்தாரை முறையில் ஐம்பது ஐம்பது பிரதிகளாக முழுமையாக அச்சிட்டுக் கட்டுபவருக்கு அனுப்பலாம். முதற்கட்டு 46 நிமிடத்தில் வந்துவிடும். உலர்வதற்கான இடைவேளையைக் கருதாதுவிடின், வேலை முழுவதும் 13 மணித்தியாலம் 16 நிமிடத்தில் நிறைவுறும்.

இனி, அச்சக முதல்வர் இருமடங்கு வேகமுள்ள வேறொரு மைத்தாரைப் பொறியை வாங்கினார் எனக் கொள்க. முதற்கட்டு 24 நிமிடத்தில் வரும். வேலை 12 மணித்தியாலம் 54 நிமிடத்தில் முடியும். இருமடங்கு வேகத்தால் மிஞ்சியது 22 நிமிடமே. அதற்குப் பதிலாக, பழைய பொறியையே வைத்துக்கொண்டு கட்டுவதற்கு இன்னும் ஒருவரை அமர்த்தியிருப்பாராயின், வேலை 8 மணித்தியாலம் 4 நிமிடத்தில் முடிந்திருக்கும். மிச்சமான நேரம் ஐந்து மணித்தியாலத்துக்கும் மேல். பெருந்தொகை கொடுத்துப் பெறாத பயனை, ஒருவருக்குக் கூலி கொடுத்துப் பெறக்கூடியதாயிருந்தமை சிந்திக்கத்தக்கது.

தெரிவு செய்யுமாறு

மேற்கூறியவற்றால், பொறி வாங்க எண்ணுபவர் முதலில் திறக்கவேண்டியது விற்பனையாளரின் விளம்பரத் தாளையன்று, தம் அச்சகத்தின் வேலைப் பதிவேட்டையே என்பது பெறப்படும். கடந்த ஓராண்டில் வந்த வேலைகள் எத்தனை, ஒவ்வொன்றின் பிரதிகள் எத்தனை, பக்க அளவு யாது, கடதாசி யாது, படம் எவ்வளவு, எத்தனை நாளிற் கொடுக்கவேண்டியிருந்தது என்பவற்றைத் தொகுத்தல் வேண்டும். அத்தொகுப்பில் அடிக்கடி வரும் வேலைகள் மூன்றையோ நான்கையோ தெரிந்து, அவற்றின் கோப்புகளையும், தாம் வழக்கமாகப் பயன்படுத்தும் கடதாசியையும் கொண்டுசென்று, ஒப்பிடவேண்டிய ஒவ்வொரு பொறியிலும் அவற்றையே அச்சிட்டுப் பார்த்தல் நன்று. விற்பனையாளர் தெரிந்துவைத்த படம் அவர் பொறிக்கு ஏற்றதாகவே இருக்கும்.

நேரத்தை அளக்கும்போது, கோப்பைக் கணினியில் ஏற்றும் கணத்திலிருந்து, உலர்ந்து கட்டுவதற்கு ஆயத்தமான நல்ல தாள் கைக்கு வரும்வரை அளத்தல் வேண்டும். எத்தரத்தில் அச்சாயிற்று, ஒருபுறமா இருபுறமா, கழிந்த தாள் எத்தனை, இடையில் தலை கழுவியது எத்தனை முறை என்பவற்றையும் குறித்துக்கொள்ளல் வேண்டும். இயலுமாயின், அப்பொறியை ஓராண்டேனும் பயன்படுத்திய அச்சகமொன்றுக்குச் சென்று, உரிமையாளரை மட்டுமன்றி அதனை நாடோறும் இயக்கும் தொழிலாளரையும் வினவுதல் சாலச்சிறந்தது. பொறி நிற்கும் நேரத்தை அவரே நன்கறிவர்.

இங்ஙனம் பெற்ற எண்கள் யாவற்றையும் ஈற்றில் ஒரே அளவைக்குக் கொணரவேண்டும். அவ்வளவை மீற்றரன்று, தாளுமன்று, சதுர மீற்றருமன்று. ஒரு கிழமையில் குறித்த நாளில் வாடிக்கையாளரிடம் ஒப்படைத்த நிறைவான வேலைகள் எத்தனை என்பதே அது. அவ்வளவையால் நோக்குங்கால், விளம்பரத்திற் பின்னின்ற பொறி முன்னே வருதலும், முன்னின்றது பின்னே செல்லுதலும் கூடும். புதுப்பொறியே வேண்டியதில்லை என்னும் முடிவு பிறத்தலும் கூடும்.

கேனிக்கின் பொறி ஈரச்சுத் தொழிலாளர் அறியாதபடி இரவிலே இயக்கப்பட்டு, விடிந்தபின்னரே அவர்களுக்குக் காட்டப்பட்டது என்பது வரலாறு. அன்று முதல் பொறியின் வேகம் கண்டோரை மருட்டியே வந்துள்ளது. மருட்சி நீங்கி, எண் எதனை எண்ணியது என்று வினவுவோர்க்கே பொறி பணியாளாகும். வினவாதார்க்கு அது கடன்கொடுத்தவரின் பணியாளாகவே நிற்கும்.